வயித்துவலி

அம்மாவின் முளைப்பாரிச் சட்டியை வரிசையில் வைக்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் எழுதிய ஒரு கதைக்காக.

நான் பெங்களூரில் தையல் கம்பெனியில் இருக்கிறேன். அம்மா போனில் அழுததைக் கேட்டுப் பஸ் ஏறினேன். திண்டுக்கல்லில் இறங்கி ஆத்தூர் பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்தபோது மந்தையில் கூட்டம் கூடியிருந்தது. கோயில் முன்னால் பெண்கள் சட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மட்டும் தன் சட்டியை வேப்பமரத்தடியில் வைத்துக்கொண்டு தனியாக நின்றாள்.

கதை இதுதான். வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்கு அவள் அப்பா பாலில் பூச்சிமருந்து கலந்து கொடுக்கிறார். 'வயித்துவலி தாங்காம மருந்தக் குடிச்சிருச்சு' என்று ஊரே சொல்கிறது. ஊருக்கோ பெண்ணுக்கோ பெயர் வைக்கவில்லை. எல்லாம் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து போனில் நான் கட்டியது. ஒரு சின்னப் பத்திரிகையில் வந்து இரண்டு வருசம் ஆகிறது. போன வாரம் யாரோ அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் விட, முகம் தெரியாத ஆட்கள் கூப்பிட்டுத் திட்டினார்கள். "ஏனுங்க, எங்க ஊர அசிங்கப்படுத்தச் சொல்லி யாருங்க காசு குடுத்தது?" என்று ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர் ஒருவர் கேட்டார். எந்த ஊர் என்று கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

"வா தாயி. பெரிய எழுத்தாளராயிட்ட" என்றார் சுப்புராஜ் மாமா. கோயில் கமிட்டித் தலைவர்.

"எங்கம்மா சட்டி என்ன மாமா பாவம் பண்ணுச்சு?"

"சட்டி பண்ணல. நீ பண்ணிப்புட்ட. நெசம்னா போலீசுக்குப் போகணும். பொய்யின்னா எழுதக் கூடாது. இதப் படிச்சுப்புட்டு எவன் நம்ம ஊர்ல பொண்ணெடுப்பான்?"

"நம்ம ஊருன்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதணுமா? எங்களுக்குத் தெரியாதா?"

பக்கத்தில் அசோக்குமார். பி.எட். முடித்தவன், கமிட்டிக்கு அவன்தான் வாட்ஸப். "எழுத்து சுதந்திரமெல்லாம் சரிதாக்கா. அதுக்கு ஒரு லிமிட் இருக்குல்ல? வயசுப் புள்ளைக படிச்சா மனசு கெட்டுப் போகும்."

"மருந்து குடுத்தது அப்பன்டா. கெட்டா அப்பன்மாரு மனசுதான் கெடணும். அது ஏற்கெனவே நல்லாத்தான இருக்கு?"

எவனோ சிரித்து, உடனே இருமிக்கொண்டான்.

வாய் இன்னும் நீண்டிருக்கும். அம்மாவைப் பார்த்தேன். இருட்டு அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்த்த பயிர், வெளுத்து நெட்டையாக நின்றது. பெங்களூரில் என்னைக் கேட்க ஒருத்தருமில்லை. அம்மாவுக்கு இந்த ஊர்தான் இருக்கிறது.

"சரி மாமா. கதை பொய்தான். அம்புட்டும் நான் மனசுல கட்டுனது."

மாமா முகம் தெளிந்தது. "அம்புட்டுத்தான் தாயி. இதுக்குப் போயி இம்புட்டுப் பேச்சு. ஏலே, அதை வீடியோல எடுத்துக்க."

அசோக் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். "கதை கற்பனைன்னு சொல்லுங்கக்கா. அப்பறம், கதையில வார புள்ள வயித்துவலியிலதான் செத்துச்சுன்னும் சொல்லிருங்க."

"என்னது?"

"வயித்துவலியிலதான்னு."

"புள்ளையே இல்லங்கிறேன். இல்லாத புள்ளைக்கு எப்படிடா வயித்துவலி வரும்?"

"அது… சொல்லிருங்கக்கா. ஊருக்கு நல்லது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கதை பொய் என்பது இவர்களுக்குப் போதவில்லை. வயித்துவலி உண்மை என்று என் வாயால் சர்டிபிகேட் வேண்டியிருக்கிறது.

"யாருக்கு வயித்துவலி மாமா? பேரச் சொல்லுங்க. நான் வீடியோல சொல்றேன்."

போன தை மாசம் மாமாவின் அண்ணன் மகள் ஜீவிதா செத்துப்போனாள். என் கதை வந்து ஒன்றரை வருசம் கழித்து. அம்மா போனில் எனக்குச் சொன்னதும் அந்த ஒரே வார்த்தைதான்.

"சொல்லுங்க மாமா. இம்புட்டுப் பேரு மனசு புண்பட்டிருக்கே. எந்தப் புள்ளைக்காகப் புண்பட்டுச்சு?"

"எம்புள்ளைக்கு வயித்துவலியே வந்ததில்ல."

பெண்கள் வரிசையிலிருந்து வந்த குரல். ஜீவிதாவின் அம்மா சிவனம்மாள். சட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கல்லத் தின்னாலும் செரிச்சுப்புடுவான்னு நாந்தான் வஞ்சுக்கிட்டே இருப்பேன்."

"மதினி, வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

"ஏன் கொழுந்தனாரே? நானுமா கதை எழுதுனேன்?"

மாமாவின் கண் அசோக் பக்கம் திரும்பியது. அவன் கையில் போன் அப்படியே தூக்கியபடி இருந்தது.

"ஏலே, அத அமத்துடா! அமத்துடா நாயே!"

அம்மா மரத்தடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "ஏ புவனா, சட்டியத் தூக்கி விடு." தூக்கி அவள் தலையில் வைத்தேன். சிவனம்மாள் எழுந்து வந்தாள். அவள் சட்டியையும் தூக்கிவிட்டேன். மற்ற பெண்கள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார்கள். கொட்டுக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா தலையாட்டவில்லை.

கொட்டும் இல்லாமல் குலவையும் இல்லாமல் இரண்டு சட்டிகள் கண்மாய்க்குப் போயின. நான் பின்னால் நடந்தேன்.

"அழிச்சியாடா?" என்று மாமா கத்துவது கரை வரைக்கும் கேட்டது. "நல்லாப் பாருடா. எல்லாம் அழிஞ்சிருச்சா?"