புரூஜுக்கு நானும் வருகிறேன்

ஓமேரின் கோட்டுப் பையில் சர்க்கரைப் பாதாம் கிடந்தது. வெள்ளை நிறம், சின்ன வலைத்துணியில் கட்டிய பொட்டலம். எங்கள் பக்கத்தில் அதைச் சும்மா வாங்கித் தின்பவர் யாருமில்லை. குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் கையில் கொடுத்தனுப்புவார்கள். என் கணவன் என்னிடம் மூச்சு விடாமல் யார் வீட்டுக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தான்?

புதன்கிழமை தோறும் அவன் எங்கள் ஊர் கென்ட்டிலிருந்து புரூஜுக்கு ரயிலேறுகிறான். அங்கிருக்கும் பழைய நண்பன் ஹுபர்ட்டோடு சீட்டாடவாம். சீட்டாடப் போகிறவன் சென்ட் அடித்துக்கொண்டா போவான்?

இந்தப் புதன்கிழமை நானும் கோட்டை மாட்டினேன்.

"நீ எதுக்கு லீவா? அங்க ஒரே டூரிஸ்ட் கூட்டம். நடக்க முடியாது."

"நீ மட்டும் பறந்தா போற?"

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மேசைக்கடியில் அவன் கட்டைவிரல் ஃபோனைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"யாருக்கு?"

"ஹுபர்ட்டுக்குத்தான். நீயும் வர்றேன்னு சொல்ல வேணாமா?"

"சொல்லு, சொல்லு. வீட்டைக் கூட்டி வைக்கட்டும்."

பதில் வரவில்லை போலும். அக்டோபர் குளிரில் அவனுக்கு வியர்த்தது. பென்ஷன் வாங்கும் வயதில் இன்னொருத்தி, அவளுக்கொரு பிள்ளை! கையும் களவுமாகப் பிடித்து, அங்கேயே வீட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

புரூஜில் இறங்கியதும் என்னை இடப்பக்கம் இழுத்தான். அவன் கண் போனது வலப்பக்கம். நான் அந்தப் பக்கமே நடந்தேன். கால்வாய்ப் பாலத்தை நெருங்கும்போது, எதிரே குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்தாள்.

"இவதானா?" என்று கேட்கத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

சாஸ்கியா. என் மகள். அவள் கட்டிக்கொண்டவனை எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வண்டியின் மூடியை இறக்கிவிட்டு, வந்த வழியே திருப்பித் தள்ளிக்கொண்டு போனாள்.

அது இன்னொருத்தியாகவே இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு. சண்டையாவது போட்டிருப்பேன். ஓமேர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"பையனா, பொண்ணா?" என்றேன்.

அவன் தண்ணீரைப் பார்த்தான்.

"சொல்ல மாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன், லீவா."