எட்டாவது குட்டியின் சட்டை

காலை ஆறரை மணிக்குச் செம்மறி ஆட்டுக்கு வலி எடுத்துவிட்டதாக சார்ஜன்ட் ஃபோன் செய்தார். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தின் ஆட்டுக்கொட்டகைக்குப் பொறுப்பாளர் அவர். மருத்துவக் கல்லூரி டீனே வந்தாலும் வாசலில் பூட்ஸைக் கழுவாமல் அந்த அம்மாள் உள்ளே விடமாட்டார். அதனால் வந்த பெயர்.

“மெதுவா வாங்க டாக்டர். நீங்க வந்துதான் பிரசவம் பாக்கணும்னு ஒண்ணும் இல்ல.”

உண்மைதான். நான் பார்க்கவே கூடாது என்பதுதான் விதி. அறுவை செய்தவள் குட்டிகளின் பக்கத்தில் போகக்கூடாது. நடைக்கு மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை, தாழ்வாரத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். மற்றவர்களுக்கு இது தண்டனையாக இருக்கலாம். நான் வீட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.

சில குழந்தைகளுக்குக் கருவிலேயே முதுகெலும்பு ஓரிடத்தில் மூடாமல் நின்றுவிடுகிறது. அங்கே வெளியே தெரியும் நரம்புகள் மாதக்கணக்கில் கருப்பை நீரில் ஊறிக் கெடுகின்றன. பிறந்த பிறகு மூடினால், போன நரம்பு திரும்பி வராது. ஆகவே பிறக்கும் முன்பே மூட வேண்டும். வழக்கமாக அதற்குக் கருப்பையை அகலமாக வெட்டுவார்கள். ஐந்து வருடமாக நான் செய்துவருவது வேறு முறை. மூன்று சிறு துளைகள் வழியாகக் கருவியை விட்டு, தபால்தலை அளவுள்ள ஒட்டு ஒன்றை அந்த இடத்தில் வைத்து, மேலே தோலை இழுத்துத் தைத்துவிடுவது.

அந்த ஆட்டின் வயிற்றில் இரட்டைக் குட்டிகள். ஒன்றின் முதுகில் நாங்களே எலும்பை எடுத்து அந்தக் குறையை உண்டாக்கி, சில வாரம் கழித்து ஒட்டு வைத்து மூடினோம். இன்னொன்றைத் தொடவில்லை. ஒரு குறையைச் செய்துவிட்டு அதைச் சரிசெய்வதிலேயே போகிறது என் வாழ்க்கை. இதை நினைக்க ஆரம்பித்தால் எனக்குச் சாப்பாடு ஆறிவிடும்.

மனிதர்களுக்குச் செய்ய அனுமதி தரும் கமிட்டியின் கணக்கு எளிமையானது. சிகிச்சை செய்த எட்டுக் குட்டிகளில் குறைந்தது ஆறு நன்றாக நடக்க வேண்டும். நடந்தால் முதல் தாய்க்கு அனுமதி. இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடம் ஆடுகளோடு. ஏழு குட்டிகள் பிறந்துவிட்டன. ஐந்து நடந்தன. இது எட்டாவது.

அந்த முதல் தாய் யாரென்று எனக்குத் தெரியும். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அன்று அவருக்கு இருபத்துநாலாவது வாரம். இருபத்தாறுக்குள் செய்தாக வேண்டும். திங்கட்கிழமைதோறும் மதிய இடைவேளையில் டிப்போவிலிருந்து கூப்பிடுவார். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது. “உங்க ஆட்டுக்கு எப்படிங்க இருக்கு? ஒழுங்கா சாப்பிடுதா?” என்றுதான் கேட்பார்.

அன்றும் திங்கட்கிழமை.

நான் போனபோது என் தம்பி எனக்கு முன்பே வந்து, ஊன்றுகோல் இரண்டையும் சுவரில் சாய்த்துவிட்டு, வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். அவன் முதுகிலும் அந்தக் குறை இருந்தது. பிறந்த மறுநாள் மூடினார்கள். அப்போது எனக்கு ஆறு வயது. இப்போது அவன் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நடைப்பயிற்சிப் பிரிவின் தலைவன். ஒரு குழந்தை நாலு அடி வைத்தால் போதும், எந்த நரம்பு வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடுவான். அதனால்தான் குட்டிகளுக்கு அவன் மதிப்பெண் போடுகிறான். சொந்தத் தம்பியா என்று கமிட்டியில் ஒருவர் இழுத்தார். “எங்கக்கா சமையலுக்கு நான் என்ன மார்க் போடுறேன்னு கேட்டுட்டு வாங்க சார்” என்றான். அதற்குப் பிறகும் நம்பாமல், ஒவ்வொரு வீடியோவையும் வெளியூரில் இரண்டு பேருக்கு அனுப்பச் சொன்னார்கள். இதுவரை அவர்கள் போட்டது இவன் போட்டதைவிட அதிகம்.

எந்தக் குட்டி எது என்று அவனுக்குத் தெரியக்கூடாது. அதற்காகப் பிறந்ததும் இரண்டுக்கும் முதுகை மறைத்து சட்டை போட்டுவிடுவது சார்ஜன்ட்டின் ஏற்பாடு. பழைய அறுவை அங்கியை வெட்டி அவரே கையால் தைத்திருந்தார்.

ஏழரைக்குள் இரண்டும் பிறந்துவிட்டன. தாய் ஆடு நக்கித் துடைத்தது போக மிச்சத்தை சார்ஜன்ட் துண்டால் துடைத்து, கண்ணாடிப் பக்கம் தன் முதுகைக் காட்டியபடி சட்டைகளை மாட்டிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த தம்பியிடம் “திரும்பலாம்” என்றார். கண்ணாடிக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது.

“என்ன சார்ஜன்ட், கல்யாண வீட்டுக்குக் கிளம்புற மாதிரி இருக்குதுங்க.”

“அளவு எப்படி? கச்சிதமா இல்ல?”

“எனக்கு ஒண்ணு தைச்சுக் குடுங்களேன்.”

“உங்க தொப்பைக்கு எங்கிட்ட அங்கி பத்தாது. நீங்க மார்க் போடுற வேலையப் பாருங்க.”

இருபது நிமிடத்தில் பெரிய குட்டி எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்து, பின்னங்கால்களை அகட்டி நின்று, உலகம் தனக்கு ஏதோ பாக்கி வைத்திருப்பது போல முறைத்தது. பிறகு நடந்தது. சிறியது எழவே இல்லை. தலையை முன்னங்கால் மேல் வைத்துப் படுத்திருந்தது. தாய் அதன் பின்பக்கத்தை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தது.

நான் கண்ணாடியில் நெற்றியை வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். சிறிய குட்டியின் சட்டை ஓரத்தில், இடுப்புக்குக் கீழே, விரல்நீளத்துக்கு நீல நூல் ஒன்று தொங்கியது.

அந்த நூல் எனக்குத் தெரியும். முடியைவிடச் சற்றே தடிமனான, பளபளப்பான நீலம். ஒட்டின் மேல் தோலைத் தைக்க நான் பயன்படுத்துவது. இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் அதை வாங்குவதில்லை.

அதற்கு மேல் எதையும் பார்க்கத் தேவையில்லை. தையல் பிரிந்திருக்கிறது. ஒட்டு நகர்ந்திருக்கிறது. குட்டி எழவில்லை. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாகப் பொருந்தின. ஒன்றரை மணி நேரம் நான் அசையாமல் உட்கார்ந்து, அறுவையின் ஒவ்வொரு முடிச்சையும் மனதில் அவிழ்த்துக் கட்டினேன். கடைசி முடிச்சில் என் கை நடுங்கியதா? நடுங்கியது என்று முடிவு செய்தேன். பேருந்து ஓட்டுகிறவருக்கு என்ன சொல்வது என்றுகூட வாக்கியம் அமைத்துவிட்டேன். முதல் வாக்கியம் ‘மன்னிக்க வேண்டும்’ என்று ஆரம்பித்தது.

உள்ளே பெரிய குட்டி தண்ணீர் வாளியைச் சுற்றி வந்தது. பின்னங்காலால் வாளியை உதைத்தது. வாளி கவிழ்ந்து தம்பியின் காலணி நனைந்தது.

“மார்க்கக் குறைங்க” என்றார் சார்ஜன்ட்.

“எதுக்குக் குறைக்கணும்? ஒத்தப் பின்னங்கால்ல நின்னு இன்னொண்ணால உதைச்சுது பாத்தீங்களா? அதுக்குத் தனியா மார்க் இருந்தா போட்டிருப்பேன்.”

சிறியது ஒருமுறை எழுந்து, பால் குடித்து, நின்ற இடத்திலேயே மடங்கிப் படுத்தது. இரண்டு மணி நேரம் முடிந்தது. தம்பி தாளை உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்திட்டான். பெரியதற்குப் பத்துக்குப் பத்து, சிறியதற்கு நாலு. தேற வேண்டுமானால் ஏழு. இது பிறகு தெரிந்தது. அப்போது அவன் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

எக்ஸ்ரே அறையில்தான் அன்று முதன்முதலாக மூவரும் சேர்ந்து நின்றோம். அறுவை செய்த குட்டிக்கு இடுப்பருகே முதுகெலும்பின் மேல்வளைவு மூன்று இடத்தில் இருக்காது; ஒட்டு நரம்பைக் காக்கும், எலும்பை வளர்க்காது. படத்தைப் பார்த்தால் எது என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

“சின்னது தான்டா. தையல் விட்டுப்போச்சு. நூல் வெளிய தொங்குது, பாரு.”

“எந்த நூல்?” என்றார் சார்ஜன்ட்.

நான் காட்டினேன். அவர் குனிந்து, அந்த நீல நூலை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். குட்டி கொட்டாவி விட்டது. நூலோடு சட்டையின் ஓரமடிப்பு நாலு விரற்கடை பிரிந்து வந்தது.

“இதுவா? இது நான் சட்டை தைச்ச நூல் டாக்டர். உங்க அலமாரியில ரெண்டு பெட்டி தேதி முடிஞ்சு கிடந்துச்சு. குப்பைக்குப் போறதுதானேன்னு எடுத்துக்கிட்டேன். நல்ல நூல். ஊசியோடவே வருது பாருங்க, கோக்கிற வேலையே இல்ல.”

தம்பி என் பக்கம் திரும்பினான்.

“அப்ப நீ ஒன்றரை மணி நேரம் சட்டை ஓரத்தப் பாத்துதான் துக்கம் கொண்டாடினியா?”

படம் திரையில் வந்தது. சிறியதன் முதுகெலும்பு முழுசாக, ஒரு வளைவும் குறையாமல் இருந்தது. அடுத்து பெரியதைப் படுக்க வைக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அதன் படத்தில் இடுப்பருகே மூன்று வளைவுகள் இல்லை.

மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அந்த இடத்தை விரலால் தொட்டேன். இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியின் கீழிருந்து கிளம்பிய நரம்புகள்தான் வாளியை உதைத்திருக்கின்றன.

“அப்ப நான் ஃபெயில் ஆக்கினது ஒரு குறையும் இல்லாத குட்டியவா?” என்றான் தம்பி. அவன் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் கலவரம்.

“அது வயித்துல இடம் பத்தாம நசுங்கிப் பிறந்திருக்கு. களைப்பு. வயிறு முட்டக் குடிச்சிட்டுத் தூங்குது” என்றார் சார்ஜன்ட். “நீங்க மட்டும் ஞாயித்துக்கிழமை என்ன பண்றீங்களாம்?”

“இதையும் அறிக்கையில எழுதணும்க்கா. கமிட்டி கேக்கும்.”

“எழுதுறேன். நூலப் பத்தியும் எழுதணும்.”

“அத எழுதினா உன்ன வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க.” சற்று யோசித்தான். “இல்ல, எழுது. இனிமே சட்டைய வெள்ளை நூல்ல தைக்கணும்னு விதி போடுவாங்க.”

அவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றான். பெரிய குட்டி அவனுக்குப் பின்னாலேயே போய், ஊன்றுகோலின் ரப்பர் முனையை நக்கியது. அவன் நகரவில்லை.

மதியம் ஒன்று பத்துக்கு ஃபோன் வந்தது. பின்னால் பேருந்து எஞ்சின் ஓசை.

“ஆடு எப்படிங்க இருக்கு?”

“பெத்துடுச்சு. ரெண்டு.”

“நல்லா இருக்காளா?”

“இருக்கா. பெரிய வெட்டு ஏதும் இல்லாததால தானாவே பெத்தா.”

“குட்டி?”

வழக்கமாக இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியதைத் தேடுவேன். “புதன்கிழமை கமிட்டி கூடுது. வெளியூர்லேர்ந்தும் மார்க் வரணும். அதுவரைக்கும் நான் எதையும் உறுதியா சொல்லக்கூடாது” என்றேன்.

“சரிங்க.”

“ஆனா அது தண்ணி வாளிய உதைச்சுக் கவுத்துடுச்சு. அத சொல்லலாம்.”

எஞ்சின் நின்றது. அவர் அணைத்திருக்க வேண்டும். பிறகு அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“எந்தக் காலாலங்க?”

“பின்னங்கால். வலது.”

“எம் புள்ளைக்கு இடது பழக்கம் போல. ராத்திரியெல்லாம் அந்தப் பக்கம்தான் இடிக்குது. அடுத்த வாரம் ஷிஃப்ட் மாத்திக் கேட்டு வைக்கவா? சும்மா, கேட்டு மட்டும்.”

“கேட்டு வைங்க” என்றேன்.