எனக்குப் பதிலாக அழுபவன்

காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டேன். அவனும் செய்துகொண்டான். அவன் கண்ணாடிக்குள் இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்றான்.

எங்கள் நிறுவனம் மனிதர்களைப் பார்த்துத் தானே பழகிக்கொள்ளும் செயற்கை மனிதர்களைச் செய்கிறது. அவனை என்னைப் பார்த்துச் செய்தோம். என் கழுத்தில் இரண்டு பொத்தான்கள் தொங்குகின்றன. சரி, தவறு. தவறு என்றால் சரியானதை நானே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

என் மனைவி சுகந்தி இறந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. அவன் அழுதான். சரி என்று அழுத்தினேன்.

மாமியார் இப்போது போனில் அவனைத்தான் அழைக்கிறார்.

"மாப்ள, சாப்டீங்களா?"

"எங்க சாப்புட்றது அத்தை, தொண்டைல எறங்கவே மாட்டேங்குது."

"பக்கத்துல யாரு இருமுறது?"

"ஆபீஸ்ல ஒருத்தர்."

சரி.

சமையலறைக் கதவைத் திறந்தால் அலுவலகம். நடைவழி நடக்க நடக்க நீண்டது. மேலாளர் தாட்சாயணி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தபடியே பேசினார்.

"கோபி, ஒரு கேள்விதான் பாக்கி. அப்புறம் உங்கள்ல ஒருத்தர் வீட்டுக்குப் போலாம்."

"இன்னொருத்தர்?"

"இங்கதான். காபி மெஷின் இருக்கே."

"யார் போறது?"

"அவன் சொல்றது சரின்னா நீங்க வீட்டுக்குப் போங்க. தப்புன்னா அதையும் சொல்லிக்குடுத்துடுவீங்க. அப்புறம் வீட்டுக்கு நீங்க எதுக்கு? அவனே போவான்."

"அப்ப சரின்னே அழுத்திடலாமே."

"தாராளமா. யாரு வந்து பாக்கப்போறா?"

கேள்வி: சுகந்தி கடைசியாக என்ன சொன்னாள்?

ஆஸ்பத்திரியில் அப்போது அவள் பக்கத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை.

அவன் கண்களை மூடிக்கொண்டு சொன்னான். "'அழாதீங்க. அடுத்த பிறவியிலயும் நீங்கதான் என் புருஷன்'னு சொன்னா."

தாட்சாயணி மூக்கை உறிஞ்சினார். நடைவழி முழுக்க ஆட்கள் எழுந்து நின்றார்கள். என் வீட்டுக் கதவு தானாக நகர்ந்து என் அருகில் வந்து திறந்தது. உள்ளே கொடியில் என் துண்டு தெரிந்தது.

"சரிதானே, கோபி?"

விரலைச் சரியின் மேல் வைத்தேன். சுகந்தி அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. சினிமாவில் யாராவது அப்படிப் பேசினால் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

"தப்பு" என்றேன்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவன் என் வீட்டு வாசலுக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினான்.

"அப்ப என்னதான் சொன்னா?"

சொல்லிக்கொடுத்தேன்.

"ஏங்க, நாளையிலேர்ந்து அரை லிட்டர் போதும்னு பால்காரர்கிட்ட சொல்லிடுங்க."