மார்கரெட்டின் முகம்

டிக்னாவுக்கு அந்த வருஷம் ஒரே ஒரு காரியம் நடந்தாக வேண்டியிருந்தது. புரூஜ் நகரத்து ஓவியர் சங்கத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்துக்கொண்டால் சொந்தப் பட்டறை, சொந்த முத்திரை. இல்லையென்றால் அண்ணன் வரையும் படங்களுக்கு ஓரத்தில் பூவும் கொடியும் போட்டே காலம் போய்விடும்.

கம்பளித் துணி வியாபாரி யோரிஸ், தன் மனைவி பார்பெலின் செபப்புத்தகத்தைக் கொண்டுவந்தபோது சரியான வேலை வந்து மாட்டியது என்றுதான் நினைத்தாள். அதில் ஓர் ஏடு தேய்ந்துபோயிருந்தது. வலுசர்ப்பம் விழுங்கியும் அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு முழுசாக வெளியே வரும் புனித மார்கரெட்டின் படம். பிரசவ வலியில் கிடக்கிறவள் அந்த முகத்தை முத்தமிடுவாள், ஏட்டை வயிற்றின்மேல் வைத்துக்கொள்வாள். பார்பெல் பிறந்த வீட்டில் பிள்ளை பெற்ற அத்தனை பேரும் முத்தமிட்டு முத்தமிட்டு, மார்கரெட்டுக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. பார்பெல் மாசமாக இருக்கிறாள், அவளுக்குச் சொல்லாமல் புதுசாக்கித் தர வேண்டும் என்றான் யோரிஸ். புத்தகத்தில் திரும்பத் தைப்பதற்கு முன் சங்கத்தில் காட்டிக்கொள்ளவும் சம்மதித்தான்.

ஏடு நல்ல கன்றுத்தோல். வீணாக்குவானேன் என்று பழைய படத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு அதன்மேலேயே வரைந்தாள். தங்க ரேக்கு சீக்கிரமே ஒட்டியாகிவிட்டது. முகத்துக்குத்தான் வாரக்கணக்கில் உட்கார்ந்தாள். வந்து பார்த்த அண்ணன் குறை ஒன்றும் சொல்லாமல் போனான். அவன் வாய்க்கு அதுவே பெரிய பாராட்டு.

சங்கத்துக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை, பார்பெலின் சித்தி ஹேயிலா மூச்சிரைக்க வந்து நின்றாள். பார்பெலுக்கு நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டதாம்; ஏடு இங்கே இருப்பதை யோரிஸ் சொல்லித்தான் ஓடிவந்தாளாம்.

"பழைய ஏட்டைக் குடும்மா. அவ அதைத்தான் கேட்டு அழுவுறா."

சுரண்டிவிட்டேன் என்று டிக்னா எப்படியோ சொன்னாள்.

ஹேயிலா கதவைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கென்ன, படம் முடிஞ்சா சரி. எங்கம்மா, எங்கக்கா வேர்வையெல்லாம் அதுல இருந்துச்சு. அவகிட்ட போய் நான் என்னன்னு சொல்லுவேன்?"

புது ஏடு மேசைமேல்தான் இருந்தது. ஈர உதடு பட்டால் வண்ணம் நிற்காது. இன்னும் காயவில்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும், ஒருவரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அந்தப் பொய் வாய்வரைக்கும் வந்தது. பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. வயிறு எரிய எரிய ஏட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"தோல் அதேதாம்மா. மேலதான் நான் வரைஞ்சிருக்கேன். அவகிட்ட அப்படியே சொல்லுங்க."

மறுநாள் காலையில் யோரிஸே ஏட்டைக் கொண்டுவந்தான். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. பார்பெல் போய்விட்டாள். ரத்தம் நிற்கவே இல்லையாம். கடைசிவரை ஏட்டை வாயைவிட்டு எடுக்கவில்லையாம். சரக்கு வந்திறங்கிய விவரம் சொல்வது மாதிரி சொல்லி முடித்தான். முகம் இருந்த இடத்தில் சிவப்பும் நீலமும் கலங்கிக் கிடந்தன. நடுவில் ஓர் உதட்டின் ரேகை பதிந்திருந்தது.

பழைய படமே இருந்திருந்தால்? பார்பெல் பிழைத்திருப்பாளோ? ஹேயிலா அப்படித்தான் நினைப்பாள், தெருவே நினைக்கும். யோரிஸ் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"இன்னிக்குத்தானே சங்கத்துல காட்டணும்? முகத்தை மட்டும் போட்டுக்க. உன் பொழப்பு ஏன் கெடணும்" என்றுவிட்டுப் போனான்.

கை பழகிய முகம், உச்சிவேளைக்குள் போட்டுவிடலாம். வண்ணம் குழைத்தாள். தூரிகையை அந்த ரேகைக்கு நேரே கொண்டுபோனாள். கை இறங்கவில்லை. உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஏட்டை இருக்கிறபடியே எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனாள்.

பெரியவர்கள் ஏட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். தங்க வேலையையும் வலுசர்ப்பத்தின் செதிலையும் மெச்சினார்கள். மூத்தவர் நல்ல மனுஷர்தான்.

"முகம் அழிஞ்சிருக்கேம்மா. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் கொண்டா, பாக்கலாம்."

"முடிஞ்ச படந்தாங்க இது" என்றாள் டிக்னா.

மூத்தவர் ஏட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.