கூடை

பகல் பதினொன்றே முக்காலுக்குச் சாரல் மறுபடி பிடித்துக்கொண்டது, பிடிக்கட்டும், ஈக்களுக்கு இதுதானே வேண்டும், ஈரமும் அழுகலும்... சங்கரநாராயணன் பழக்கடைக்குப் பின்னால் குனிந்து, கண்ணாடிக் குழாயை ஒரு பலாச்சுளைமேல் கவிழ்த்தார். ஆறேழு பழ ஈக்கள் ஏறின. பஞ்சால் அடைத்துச் சீட்டு ஒட்டினார். பேரருவி, ஜூலை 1982. விரலெல்லாம் பிசின். அருவியிலிருந்து நல்லெண்ணெய், சீயக்காய், ஈரத்துணி எல்லாம் ஒரே நாற்றமாக வந்தது. மூளை எப்படி வாசனையை அறிகிறது என்று பதினோரு வருஷம் ஆராய்ந்து என்ன, மூக்கைப் பொத்திக்கொள்ளத்தான் தெரிகிறது. சட்டைப்பையில் அந்த வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக் கடிதம். தாங்கள் அனுப்பிய பேரருவி ஈயும் ஐந்தருவி ஈயும் எங்கள் சோதனையில் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன, புதிதாகப் பிடித்து அனுப்ப முடியுமா? என்ன மரியாதை. பொய் என்றே எழுதியிருந்தால் தேவலை. ஐந்து கிலோமீட்டர் இடைவெளியில் பிரிந்துபோன இரண்டு கூட்டம், ஒன்று புளித்த வாடையைத் தேடிப் போகிறது, மற்றது விலகுகிறது, பரிணாமம் கண்ணெதிரே நடக்கிறது... இதைச் சொன்ன அந்த ஒரு கட்டுரைதான் பேராசிரியர் பதவி, அதுதான் விருது, அறைக் கதவில் இருக்கும் பெயர். அது போனால்? போகாது. எண்ணியது அவரே அல்லவா, ஒவ்வொரு ஈயாக, குழாயில் இருந்த சீட்டைப் பார்த்துப் பார்த்து... விஜயம் அதைத்தான் சொன்னாள். அவருடைய மாணவி, செங்கோட்டைப் பெண், பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. "சீட்டை மறைச்சுட்டு எண்ணினா வித்தியாசமே வரலை சார்." எதற்கு மறைக்க வேண்டும், அவர் என்ன திருடரா? அவரோடு குற்றாலம் போய்வந்த மறுநாள் பார்த்தால், நோட்டில் எண்களுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதிவைத்திருந்தாள். கூடை. அவருடைய உழைப்பைக் குப்பைக்கூடையில் போடச் சொல்கிறாள், இருபத்துமூன்று வயதில் எவ்வளவு திமிர்... நோட்டை அவள் காலடியில் வீசினார். அதோடு அவள் பட்டம் போயிற்று. எங்கோ டைப்பிஸ்டாக இருக்கிறாள் என்றார்கள். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

"என்ன சார்வாள், இன்னும் ஈதான் பிடிக்கியளா? உங்க ஊர்ல ஈ கிடையாதோ?" கடைக்காரி பாத்திமுத்து சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சிரிப்பை நிறுத்துவதற்காகவே, ஐந்தருவிக்கு எப்போது பஸ் என்று கேட்டார்.

"பஸ் எதுக்கு? எந்தம்பி பரீது கூடையை டெம்போல ஏத்திக்கிட்டு அங்கனதான் போவுதான், ஏறிக்கிடுங்க. இங்கன விக்காத பலா மத்தியானம் அங்கன போவும். அங்கன மிஞ்சுனது மறுநா இங்கன வந்துரும். இந்தக் குட்டி ஈயும் டிக்கெட் எடுக்காம கூடவே வரும், வருசக்கணக்கா இதான் கதை."

பரீது கூடையைத் தூக்கினான். கூடையை மூடிய சாக்குமேல் மொய்த்த ஈக்களில் பாதி எழும்பவே இல்லை, அப்படியே போயின, பழகிய பயணிகளைப் போல. அவர் வரைந்த வரைபடத்தில் மலை இருந்தது, ஆறு இருந்தது, காற்றின் திசைகூட இருந்தது... கூடை இல்லை. பைக்குள் ஊரிலேயே எழுதிவைத்த ஐந்தருவிச் சீட்டுகள். இங்கேயே பிடித்து ஒட்டிவிட்டால் என்ன, யார் பார்க்கப்போகிறார்கள், அது பொய்யாகக்கூட இராது... நினைப்பு வந்த வேகத்தில் வாயில் புளித்த எச்சில் ஊறியது. துப்ப இடம் தேடினார்.

பாத்திமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை அன்னைக்கே உங்க கூட வந்த பிள்ளைகிட்ட சொன்னேனே, நோட்டுலகூட குறிச்சுக்கிட்டுச்சே... அது உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா சார்வாள்?"