பாய்லர் அறைக்குள் போனவர்

எங்கள் ஊர் வரலாற்று நூலில் ஆலை முதலாளிக்கு ஒன்பது பக்கம். பாய்லர் வெடித்துச் செத்த என் தாத்தாவுக்கு ஒரு வரிகூட இல்லை. ஆத்திரத்தில் நானே கதை எழுதினேன். அதில் தாத்தா மேனேஜர் முகத்துக்கு நேராக, "இது வெடிக்கும்யா!" என்று கத்துகிறார். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அவரு கத்தலம்மா. வாய மூடிக்கிட்டுத்தான் உள்ள போனாரு."

"ஏம்ப்பா? வெடிக்கும்னு தெரியாதா அவருக்கு?"

"தெரியும். அப்ப நான் அதே ஆலையில வேலைக்குச் சேர்ந்து மூணே நாளு. அவரு வாயத் தொறந்தா என்னைத் தொரத்தியிருப்பாங்க. பட்டம் வாங்குன புள்ள, இதுகூடவா புரியல?"

அந்த வேலைதான் என்னைப் படிக்க வைத்தது. கதையில் அந்தக் கத்தலை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். இப்போது தாத்தா பேசாமல் போகிறார். பாய்லர் அறை வாசலில் நின்று ஒருமுறை மகனைத் திரும்பிப் பார்க்கிறார்.

அப்பா அந்த வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார்.