ஒலிபெருக்கியில் சொன்ன அடையாளம்

ஊட்டிக்கு வேன் ஏறியதிலிருந்து இன்னாசி கண் மூடவில்லை. தங்கச்சிமடத்து மாதா கோயில் அன்பியக் குழுவிலிருந்து ஐந்து குடும்பம் கிளம்பியிருந்தது, ஆம்பளைகள் அத்தனை பேரும் வள்ளத்துக்காரர்கள். கச்சான் காற்றுக்குப் பயந்து வள்ளங்கள் கரையில் கிடக்கிற வாரமாகப் பார்த்து ஏற்பாடு செய்தவன், மனைவி ஜெபமாலையின் தம்பி சகாயவினோத். என்றைக்கும் இல்லாமல் வீடு தேடி வந்து, மச்சான் கண்டிப்பாக வரணும் என்று கூப்பிட்டான். சும்மாவா கூப்பிடுவான்?

கடலுக்குள்ளே இன்னாசிக்கு மட்டும் தெரிந்த பார் ஒன்று இருந்தது. அடியில் பாறைத்திட்டு, மேலே வலை போட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. கரையில் தெரியும் அடையாளங்களை ஒன்றுக்கொன்று நேராகப் பிடித்துக்கொண்டே போனால்தான் அந்த இடம் வரும். ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்தால் எவனாவது பார்த்துத் தொலைவான் என்று மண்டைக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார். வள்ளத்தில் கூட வந்திருக்கிற ஒன்பது வயது மகள் அனிட்டாவுக்கு மட்டும் தெரியும், அவளிடமும் மாதா மேல் சத்தியம் வாங்கியாயிற்று. வேனில் தூங்காததற்கும் காரணம் உண்டு. அவர் தூக்கத்தில் உளறுவார் என்று ஜெபமாலை அடிக்கடி சொல்வாள்.

பூங்காவில் ஊரே பூவைப் பார்த்தது, இன்னாசி வினோத்தைப் பார்த்தார். அவன் கடலை வாங்கி நீட்டினான், வேண்டாம் என்றார். அனிட்டாவிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டான், பிள்ளையின் வாயைக் கிளறுகிறான் என்று அவளைத் தள்ளி இழுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் அவன் ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் போனில் பேசினான். என்ன பேசுகிறான் என்று கேட்க, மகள் கையை விட்டுவிட்டு இன்னாசி பூனை மாதிரி நடந்தார். அவன் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

திரும்பினால் அனிட்டா இல்லை. அதற்குள் பனிமூட்டம் இறங்கி, புல்தரையும் மனுசரும் மறைந்து, உயரமானவற்றின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஜெபமாலை அழுதாள். கண்ணாடி வீட்டுக்குப் பக்கத்து ஆபீசில் மூன்று தடவை ஒலிபெருக்கியில் கூப்பிட்டும் பிள்ளை வரவில்லை. தரையே தெரியாத அந்தப் பனிக்குள் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வீட்டுக்கு வந்து சேரும்?  இன்னாசி ஆபீஸ்காரர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"அனிட்டா, அப்பா பேசுறேன். நம்ம பாருக்கு எப்படிப் போவோம்? மாதா கோயில் சிலுவையையும் செல்போன் டவரையும் ஒண்ணாப் பிடிச்சு, ரெட்டைப் பனைக்கு நடுவுல தண்ணித்தொட்டி வர்ற வரைக்கும் போவோம்ல? அதே மாதிரிதான். கண்ணாடி வீட்டு உச்சிக்குப் பின்னால நெட்டை மரம் ஒண்ணு தெரியும். ரெண்டும் பிரியாமப் பாத்து நடந்து வா. அப்பா இங்கனதான் நிக்கிறேன்."

பூங்கா முழுக்கக் கேட்டது. கூட வந்த வள்ளத்துக்காரர்கள் நாலு பேரும் பூச்செடிகளைப் பார்த்தபடி நின்றார்கள். கால் மணி நேரம் கழித்து, தலையை நிமிர்த்தியபடியே அனிட்டா பனிக்குள்ளிருந்து நேர்கோட்டில் நடந்து வந்தாள். இன்னாசி அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதார்.

வேன் மலை இறங்கும்போது ஒருவரும் பாரைப் பற்றிப் பேசவில்லை.  கடைசியில் இன்னாசியே வினோத்திடம், எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல என்றார்.

"அது தெரிஞ்சு மூணு வருசமாச்சு மச்சான். வேளாங்கண்ணிக்குப் போனப்ப வேன்ல தூங்கிக்கிட்டே நீங்கதான் சொன்னீக. ரெட்டைப் பனை வரைக்கும் சொன்னீக. ஒங்க எடம்னு அன்னையிலருந்து ஒருத்தனும் அங்கன வலை போடல."

மூன்று வருசமாக அந்தப் பாரில் வேறு வலையை அவர் பார்த்ததே இல்லை. தன் சாமர்த்தியம் என்றல்லவா நினைத்திருந்தார். வினோத்தின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவன் மறுபடி கடலைப் பொட்டலத்தை நீட்டினான். ஒரு கை அள்ளிக்கொண்டார்.

மேட்டுப்பாளையம் வருவதற்குள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். ஏதோ உளறினார், யாரும் காது கொடுக்கவில்லை.